தரைப்படைக்குச் சிறகு முளைத்த கதை

மரக்காணத்து உப்பளக் கடற்கரையை அடுத்த எங்கள் இடையஞ்சாவடிக்கு மேலே எப்போதாவது ஒரு ஹெலிகாப்டர் பறந்து போகும். அப்போது வகுப்பில் கம்பராமாயணம் நடந்து கொண்டிருந்தாலும் சரி, கணிதம் நடந்து கொண்டிருந்தாலும் சரி, பிள்ளைகள் அத்தனை பேரும் ஜன்னலண்டை போய் விடுவார்கள். முந்திரித் தோப்புகளைத் தாண்டி அந்த இரைச்சல் கடற்பக்கமாக ஓய்கிற வரையில் உபாத்தியாயருடைய அதிகாரம் செல்லாது.

ஒரு நாள் அப்படி நடந்தபோது, உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "ஸார், ஆகாயத்துக்கென்று விமானப் படை தனியாக இருக்கிறதே! தரையிலே நடக்கிற பட்டாளத்துக்கும் ஹெலிகாப்டர் இருக்கிறதாமே, அது எதற்கு?"

கேள்வி நியாயமானது. பதிலோ எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உபாத்தியாயர்களுக்கு ஆண்டவன் அளித்திருக்கும் வரங்களில் இந்த வாக்கியமும் ஒன்று. அன்றிரவு தேடிப் படித்ததன் பலனே இக்கட்டுரை.

பீரங்கியின் கண்

பீரங்கிக் குண்டு பல மைல் தூரம் போகும். ஆனால் எதிரே நிற்கும் குன்றுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பீரங்கிக்காரனுக்குத் தெரியாது. குண்டு இலக்கைத் தாண்டி விழுந்ததா, முன்னமே விழுந்ததா என்பதையும் அவன் அறியான். உப்பளத்தில் வரப்பின் மேல் ஏறி நின்றால்தானே எந்தப் பாத்தியில் உப்புப் பூத்திருக்கிறதென்று தெரிகிறது? யுத்தகளத்திலும் அப்படியே. மேலேயிருந்து பார்த்துச் சொல்ல ஒருவன் வேண்டும். அவன் பீரங்கி வித்தை அறிந்தவனாகவும் இருக்க வேண்டும்.

இதற்காக இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷார், பீரங்கிப் படை அதிகாரிகளுக்கே விமானமோட்டக் கற்பித்து, 'ஆஸ்டர்' என்னும் சிறு விமானங்களில் ஏற்றி அனுப்பினார்கள். அத்தகைய 659ஆம் ஸ்குவாட்ரன் 1947இல் லாகூரில் இருந்தது. தேசம் பிரிந்தபோது, அண்ணன் தம்பிகள் வீட்டுப் பாத்திரங்களைப் பாகம் பிரித்துக்கொள்வதுபோல், அந்த ஸ்குவாட்ரனும் இரு தேசங்களுக்கும் பிரிக்கப்பட்டது. நமது பங்குக்கு வந்ததே சுதந்திர இந்தியாவின் தரைப்படைப் பறப்புக்கு வித்தாயிற்று.

ஆஸ்டருக்குப் பின் 'கிருஷக்' என்னும் விமானம் வந்தது. அது பெங்களூரில் ஹிந்துஸ்தான் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. அதன் பின்னர் ஹெலிகாப்டர்களின் காலம். பிரெஞ்சுக்காரரிடம் உரிமம் பெற்று நம் நாட்டில் கட்டிய 'சேதக்', 'சீட்டா' என்னும் இரு வகைகளும் பட்டாளத்தின் நெடுநாளைய ஊழியர்களாயின. இத்தனை காலமும் பறப்பவர்கள் பீரங்கிப் படையின் கிளையாகவே இருந்தார்கள். 1986 நவம்பர் 1ஆம் தேதியன்றுதான் தரைப்படைப் பறப்புப் பிரிவு தனியொரு படைப்பிரிவாக அமைந்தது. 'விரைவும் உறுதியும்' என்பது அதன் குறிக்கோள் வாசகத்தின் பொருள்.

அமைப்பு

டில்லியில் லெப்டினன்ட் ஜெனரல் பதவியிலுள்ள ஒரு தலைமை அதிகாரி இப்பிரிவை மேற்பார்க்கிறார். அவருக்குக் கீழ் ஸ்குவாட்ரன்கள். ஸ்குவாட்ரனுக்குள் 'ப்ளைட்' என்னும் சிறு குழுக்கள். 2021 முதல், எல்லைப்புறத்தில் பல ஸ்குவாட்ரன்களைச் சேர்த்துப் பிரிகேடுகளாகவும் அமைத்து வருகிறார்கள். பயிற்சிப் பள்ளி மஹாராஷ்டிரத்து நாசிக்கில் 2003இல் ஏற்பட்டது. அங்கே தேறித்தான் 2022 மே 25ஆம் தேதி காப்டன் அபிலாஷா பராக் இப்பிரிவின் முதல் பெண் போர் விமானியானார். இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் பெண் குழந்தைகளின் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனித்தேன்.

விமானப் படை இருக்க இது ஏன் என்ற கேள்வி டில்லியிலும் நெடுங்காலம் நடந்த வழக்குத்தான். யுத்த விமானங்களும் பெரிய சுமை ஹெலிகாப்டர்களும் விமானப் படைக்கே உரியவை. காவல் நிலையிலிருக்கும் சிப்பாய்க்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டு போவது, காயம்பட்டவனைத் தூக்கி வருவது, எதிரியின் நடமாட்டத்தைப் பார்த்துச் சொல்வது ஆகிய காரியங்களோ மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடியவையல்ல. களத்திலுள்ள சேனாபதியின் கைக்கெட்டிய தூரத்தில் வாகனம் இருக்க வேண்டும். 2012இல் தாக்கும் ஹெலிகாப்டர்களையும் இனி தரைப்படை வைத்துக்கொள்ளலாமென்று சர்க்கார் தீர்மானித்தது. 2020இல் ஒப்பந்தமான 6 அமெரிக்க 'அப்பாச்சி' ஹெலிகாப்டர்களில் முதல் மூன்று 2025 ஜூலையில் வந்து சேர்ந்தன. ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கும் 'ஹெரான்' விமானங்களும் 2021இல் பீரங்கிப் படையிடமிருந்து இப்பிரிவுக்கு மாற்றப்பட்டன.

பனிமலை மேல் ஒரு தகரம் மண்ணெண்ணெய்

இப்பிரிவின் பெருமையைச் சொல்ல ஸியாச்சின் ஒன்றே போதும். 1984 ஏப்ரல் 13ஆம் தேதி நம் சிப்பாய்கள் அந்தப் பனியாற்றின் சிகரங்களைக் கைக்கொண்டது முதல் அங்கே காவல் நடந்து வருகிறது. சில காவலிடங்கள் 20,000 அடிக்கும் மேலே உள்ளவை. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் சுழல் இறக்கைக்குப் பிடிமானம் இல்லை. கீழே நாலைந்து பேரை ஏற்றும் சீட்டா, அங்கே ஓரிரு தகரம் மண்ணெண்ணெய்க்கு மேல் சுமக்காது. இறங்கிய பிறகு எஞ்சினை நிறுத்துவதுமில்லை. நின்றுவிட்டால் குளிரில் மறுபடி கிளம்புமென்ற நிச்சயம் இல்லை. சில விநாடிகளில் சாமானைத் தள்ளிவிட்டு எழும்ப வேண்டும்.

இதே ரகமான பிரெஞ்சு 'லாமா' 1972இல் 12,442 மீட்டர் உயரம் பறந்து உலக சாதனை செய்தது. ஆகவே சீட்டா நல்ல குதிரைதான். ஆனால் கிழக் குதிரை. அதற்கு ஒற்றை எஞ்சின். தானாக ஓட்டும் கருவியோ, முன்னேயுள்ள மேகத்தை அறிவிக்கும் ராடாரோ கிடையாது. மூடுபனி இறங்கிவிட்டால் விமானியின் கண்ணும் கையுமே துணை.

ஜெயமங்கலத்துப் பிள்ளை

2023 மார்ச் 16ஆம் தேதி காலை, அருணாசலப் பிரதேசத்தில் பொம்திலாவுக்கு அருகே பறந்துகொண்டிருந்த சீட்டா ஒன்று 9.15 மணியளவில் தொடர்பற்றுப் போயிற்று. மாண்டலாவை அடுத்த மலைச்சரிவில் அதன் சிதைவுகளைக் கண்டெடுத்தார்கள். லெப்டினன்ட் கர்னல் வினய் பானு ரெட்டியும் மேஜர் ஜெயந்தும் உயிர் நீத்தார்கள். மேஜர் ஜெயந்த் நமது தேனி ஜில்லா ஜெயமங்கலத்தைச் சேர்ந்தவர். வராக நதிப் பாசனத்து வயல்களுக்கு நடுவே உள்ள அந்த ஊருக்கு அவருடைய உடல் வந்து சேர்ந்தது. ராணுவ மரியாதையுடன் தகனம் நடந்தது. விபத்தின் காரணத்தை அறிய விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். காரணம் எதுவாயினும், இவர்களுக்கு முன்னும் பல இளைஞர்கள் இந்த வாகனங்களில் போய்த் திரும்பவில்லை. ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் சிலர் 2014-15இலேயே ஒன்றுகூடி, பழைய ஹெலிகாப்டர்களை நிறுத்துங்களென்று பாதுகாப்பு மந்திரியிடம் முறையிட்டார்கள்.

முயற்சி நடக்கவில்லையென்று சொல்வது அநியாயம். வால்சந்த் ஹீராசந்த் 1940இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை 'துருவ்' என்னும் சுதேசி ஹெலிகாப்டரைச் செய்தது. 2002 முதல் அது படையில் இருக்கிறது. அதற்கு ஆயுதம் பூட்டியது 'ருத்ரா'. 5,000 மீட்டர் உயரத்திலும் இறங்கி ஏறக்கூடிய 'பிரசண்ட்' 156 வாங்க, 2025 மார்ச் மாதம் 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தமாயிற்று. அவற்றில் 90 தரைப்படைக்கு. ஆனால் சண்டை போடும் வாகனத்துக்குக் கிடைத்த வேகம், மண்ணெண்ணெய் சுமக்கும் வாகனத்துக்குக் கிடைக்கவில்லை. ருஷ்யரோடு 2015இல் செய்துகொண்ட 'காமோவ்' ஏற்பாடு கைகூடவில்லை. சீட்டாவுக்குப் பதிலாகச் செய்த சுதேசி இலகு ஹெலிகாப்டர் 2016 செப்டம்பர் 6ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. அதை எண்ணிக்கையாகக் கட்டுவதற்கென்று தும்கூரில் 2023இல் பெரிய தொழிற்சாலையும் திறந்தாயிற்று. ஆயினும் கிழக் குதிரையின் லாயம் இன்னும் காலியாகவில்லை.

சுதேசி என்பது கொடியேற்றத்தன்று சொல்லும் வார்த்தை மட்டுமல்ல. நம் பிள்ளை ஏறும் வாகனத்தை நாமே நன்றாகச் செய்வதும், வேண்டிய காலத்தில் செய்து கொடுப்பதும் சேர்ந்ததே சுதேசி. பின்னதில் தவறினால் முன்னதில் பாதிப் புண்ணியமே உண்டு.

மறுநாள் வகுப்பில் இவ்வளவையும் சொன்னேன். உப்பளத்துப் பையன் வெகு நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பழைய வண்டியை எப்போ ஸார் மாற்றுவார்கள்?" என்று கேட்டான்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று என் வாய் வரையில் வந்துவிட்டது. இந்தத் தடவை அதைச் சொல்ல மனம் வரவில்லை.