மேசைப் போர் விளையாட்டில் விதி மயக்கம்

விரலளவு உயரமுள்ள படைவீரர் உருக்களை மேசைமீது அணிவகுத்து நிறுத்தி, அளவுநாடாவால் நடைதூரம் அளந்து, பகடை உருட்டி வெற்றி தோல்வி காணும் விளையாட்டொன்று மேனாடுகளில் வழங்கி வருகின்றது. சதுரங்கத்திலுள்ள குதிரை ஒரு கட்டத்தில் நிற்கும், அன்றேல் மற்றொன்றில் நிற்கும். இடைநிலை என்பது அதற்கில்லை. மேசைப் போரிலோ கட்டங்கள் இல்லை. வீரன் குன்றின் சரிவிற் பாதியும் சமவெளியிற் பாதியுமாக நிற்பான். அவன் குன்றின் மேலுள்ளவனா, கீழுள்ளவனா? விதிநூல் வாய் திறவாதாயின் ஆடுவோர் இருவரும் வாய் திறப்பர். மாலைப் பொழுதின் இன்பம் அங்கே கெடும். சிலவேளை நட்பும் கெடும்.

இம்மயக்கம் ஒரு வகையினதன்று. விதிநூல் ஒன்றைப் பற்றிப் பேசாதொழிதல், பேசிய சொல் இருபொருள் படுதல், இரு விதிகள் தம்முள் முரணுதல் என்பன நூலின்பாற்பட்ட குறைகள். விதி தெளிவாயிருக்கவும் மேசைமீதுள்ள நிலை தெளிவின்றி இருத்தல் இவற்றின் வேறானது. மரத்தின்பின் நிற்கும் வில்லாளன் எதிரியைக் காண்கின்றானா என்பதற்கு நூலைப் புரட்டிப் பயனில்லை. பொம்மையின் தலைமட்டத்துக்குக் குனிந்து பார்த்தலே வழி.

இவ்விடர்ப்பாட்டைப் பிரசிய நாட்டுப் படையினர் நன்கு அறிந்திருந்தனர். 1812ஆம் ஆண்டில் றைஸ்விற்ஸ் என்னும் பிரபு, மன்னர் மூன்றாம் பிரெடெரிக் வில்லியத்துக்குப் போர் விளையாட்டு மேசையொன்றைச் செய்தளித்தார். பீரங்கிப் படை அலுவலரான அவர் மகன் 1824இல் அதனைத் திருத்தி, 1:8000 என்னும் அளவில் வரைந்த நிலப்படத்தின்மேல் ஆடுதற்கேற்ற விதிநூலை வெளியிட்டார். அதில் ஒரு முறை நகர்த்தல் இரண்டு நிமிடப் போரைக் குறிக்கும். ஆடுவோர் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். நடுவரே துண்டுகளை நகர்த்திப் பகடையும் அட்டவணையுங் கொண்டு இழப்பைக் கணிப்பர். படைத்துறைத் தலைமை அலுவலர் மியூவ்லிங் இதனைப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார்.

பின்வந்தோர் திருத்தங்களும் புதிய அட்டவணைகளும் வகுத்தனர்; எனினும் ஐயம் ஒழிந்ததில்லை. நடுவர் பணி பெருஞ்சுமையாயிற்று. அதனை ஏற்பாரும் அருகினர். 1873இல் மெக்கல் என்பார் இக்குறையை எடுத்துக் காட்டினார். மூன்றாண்டு கழித்து, பின்னாளிற் போர் அமைச்சரான வேர்டி டு வேர்னுவா ஒரு துணிந்த முடிவுக்கு வந்தார். பகடையும் வேண்டா, அட்டவணையும் வேண்டா; போரறிவு மிக்க நடுவரின் தீர்ப்பே விதியாகுக என்பது அவர் கருத்து. இம்முறையால் ஆட்டம் விரைந்தது என்பது உண்மையே. ஆயின், தளபதி ஒருவர் நடுவராய் அமர்ந்திருக்க இளநிலை அலுவலன் எங்ஙனம் மறுத்துரைப்பான்? விதியின் மயக்கம் நீங்கியவிடத்தே மனிதனின் விருப்பு வெறுப்பு வந்து புகுதலும் கூடும்.

வீட்டில் ஆடுவோருக்கோ தளபதி கிடைப்பதில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘சிறு போர்கள்’ என்னும் நூல் இதற்கு ஓர் எளிய வழி கண்டது. அவர் வீட்டுத் தரையிற் பொம்மைப் படைகளை நிறுத்தி, வில்விசைப் பொம்மைப் பீரங்கியால் மரக்குண்டு எய்தார். குண்டு பட்டு வீழ்ந்தவன் இறந்தவன். இழப்பைக் கணிக்க அட்டவணையும் வேண்டியதில்லை, அதற்கு உரை கூறுவாரும் வேண்டியதில்லை. இதனினும் நேர்மையான நடுவரைக் காண்டல் அரிது என்பேன்.

பிற்காலத்தில் பில் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் பண்டைக்காலப் போர்களுக்கு இயற்றிய விதிகள், சிறப்பாக 1990இல் வெளிவந்தவை, சொற்செட்டுக்குப் பேர்போனவை. நம் சூத்திரங்களுக்கு உரையாசிரியர் வெவ்வேறு பொருள் கண்டாற்போல அவற்றுக்கும் பலர் பல பொருள் கூறினர். அந்நடைக்கு அவர் பெயரைக் கொண்டே ஒரு நகைப்பெயரும் வழங்கலாயிற்று. விரித்து எழுதினால் மயக்கம் தீருமோ எனின், அதுவுமில்லை. 1987இல் தோன்றிய ‘வோர்ஹாமர் 40,000’ என்னும் விளையாட்டின் விதிகள் பல நூல்களாய் விரிந்துள்ளன. அதனை வெளியிடும் நொட்டிங்காம் நகர் நிறுவனம் பிழைதிருத்தங்களும் வினாவிடைகளும் காலந்தோறும் வெளியிட்டு வருகின்றது.

அவ்விளையாட்டின் பதிப்புகள் சில பகடையையே நீதிபதியாக்கின. இருவரும் உடன்படாவிடின் ஒரு பகடையை உருட்டுக; ஒன்று முதல் மூன்று வரை விழுந்தால் ஒருவர் கூற்று, நான்கு முதல் ஆறு வரையாயின் மற்றவர் கூற்று. இது நீதியன்று; ஆட்டம் தடைப்படாதிருத்தற்குரிய உபாயம் மாத்திரமே. இதிலோர் இடுக்குமுண்டு. அடிப்படையே இல்லாத பொருளொன்றைச் சாதிப்பவனுக்கும் சரிபாதி வாய்ப்புக் கிடைத்துவிடுகின்றது! ஆகலின் பகடையைத் தொடுமுன் சில செய்தல் வேண்டும். விதியை இருவரும் ஒருமுறை உரக்கப் படித்தல் நன்று. மயக்கம் பெரும்பாலும் நினைவுப் பிழையாயிருப்பதை அங்கே காணலாம். பொதுவிதியுஞ் சிறப்புவிதியும் முரணுமிடத்துச் சிறப்புவிதியையே கொள்க. குன்று, தோப்பு, ஆறு ஆகியவற்றின் எல்லைகளைப் படை நிறுத்துமுன் பேசி முடிக்க. அப்பொழுது எவனுக்கு எது நன்மை என எவனும் அறியான். அறியாமை ஈண்டு நடுநிலைக்குத் துணை. ஒருமுறை பகடை தீர்த்த பொருள் அவ்வாட்டம் முடியுமட்டும் இருபாலார்க்கும் ஒப்ப நிற்றல் வேண்டும். விதியின் மெய்ப்பொருளை ஆட்டம் முடிந்தபின் ஆறியிருந்து ஆராயலாம்.

தீர்ப்புச் சொல்ல உருட்டிய பகடையே குன்றின் ஓரத்திற் சாய்ந்து, எம்முகம் மேலென்று தெரியாது நின்றுவிடுதலுமுண்டு. பழகியோர் அதனை மீண்டும் உருட்டுவதென முதலிலேயே பேசி வைத்துக்கொள்வர்.