ஸ்கேன் செய்த பட்டா எங்கே தங்குகிறது?

உத்திரமேரூர் பக்கம் ஒரு நிலம் கைமாறுவதற்குள் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், ஆதார், பான் கார்டு என்று ஒரு கட்டுத் தாள் ஏதாவது ஓர் அலுவலகத்தின் மிஷினுக்குள் போய் வந்துவிடுகிறது. பயிர்க்கடனுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் இதே கதைதான். ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்கேன் மூன்றையும் செய்கிற அந்த மிஷின் இப்போது பத்திர எழுத்தர் அறையிலும் ஆடிட்டர் அறையிலும்கூட நிற்கிறது. சாலவாக்கத்திலிருந்தோ மானாம்பதியிலிருந்தோ பஸ் ஏறி வந்தவர், தாள்களை எண்ணிச் சரிபார்த்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார். அவற்றின் படங்கள் அங்கேயே தங்கிவிட்டதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

சொல்லியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தாளில் மட்டும் கிடக்கும் தகவலைத் தொடுவதில்லை. அதே தாள் ஸ்கேன் ஆகிக் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிற அந்த நொடியிலேயே அலுவலகத்துக்கு ஒரு பொறுப்பு பிறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கோளாறு பெரும்பாலும் மிஷின் வந்து இறங்கும் நாளிலேயே தொடங்குகிறது. சர்வீஸ்காரர் வருகிறார், நெட்வொர்க் கேபிளைச் செருகுகிறார், ஒரு கம்ப்யூட்டரில் 'ஸ்கேன்' என்று ஃபோல்டர் திறக்கிறார். மிஷினிலிருந்து ஃபைல் அந்த ஃபோல்டருக்குப் போய்ச் சேரவில்லை. அவருக்கு அடுத்த இடத்து வேலைக்கு நேரமாகிறது. அவசரத்துக்குக் கைவசம் ஒரு வழி உண்டு. ஃபோல்டரை 'எவ்ரிஒன்' என்று எல்லோருக்கும் திறந்துவிட்டு, பாஸ்வேர்டு கேட்பதையும் நிறுத்திவிடுவது. ஸ்கேன் உடனே ஓடும். அன்று முதல் அந்த வைஃபையில் சேர்கிற எந்த லேப்டாப்பிலிருந்தும் ஊரார் ஆதாரையெல்லாம் திறந்து பார்க்கலாம்.

செகண்ட்ஹேண்டில் வாங்கிய பழைய மிஷின் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவற்றில் பல, ஃபைல் அனுப்புவதற்கு எஸ்.எம்.பி. என்ற முறையின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதம் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்ப்பதையே விட்டுவிட்டது. "ஸ்கேன் வரமாட்டேங்குது சார்" என்று அதை மறுபடி ஆன் செய்து கொடுத்தால் சம்மதிக்காதீர்கள். மிஷினின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அது முடியாத மிஷினில் பென் டிரைவுக்கு ஸ்கேன் செய்துகொள்வது எவ்வளவோ மேல்.

முறையாகச் செய்தால் அரை மணி நேர வேலைதான். ஸ்கேனுக்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு தனி யூசர், அதற்கு ஒரு பாஸ்வேர்டு, அந்த ஒரே ஃபோல்டரில் எழுத மட்டும் அனுமதி. கம்ப்யூட்டருக்கு மாறாத ஐ.பி. முகவரி கொடுத்துவிட்டால், ரௌட்டரை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் ஸ்கேன் நின்றுபோகாது, ஃபோல்டரைத் திறந்துவிடும் ஆசையும் வராது. கம்பெனியிலிருந்து வந்த அட்மின் பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட வேண்டும், அந்தப் பாஸ்வேர்டுகள் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். மெயிலுக்கு ஸ்கேன் அனுப்புவதானால் முதலாளியின் சொந்த ஜிமெயில் வேண்டாம். அலுவலகத்துக்குத் தனி மெயில் வைத்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்து, மிஷினுக்கென்று ஆப் பாஸ்வேர்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மிஷினின் திரையில் இருக்கும் முகவரிப் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். வேலையை விட்டுப் போனவரின் மெயில் முதல் பட்டனில் இருந்தால், கை தவறி அழுத்துகிற ஒவ்வொரு பத்திரமும் அவர் போனுக்குத்தான் போகும்.

மிஷின் வெளியேறும் நாளும் ஆபத்தான நாள்தான். பெரிய மிஷின்கள் பலவற்றின் உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்கிறது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி பழைய காப்பியர்களை விலைக்கு வாங்கித் திறந்து பார்த்தது. ஒன்றில் பஃபலோ நகரக் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவு ஆவணங்கள் இருந்தன. இன்னொன்றில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் நோயாளிப் பதிவுகள். வாடகைக்கு எடுத்திருந்த மிஷின்களை ஹார்டு டிஸ்கை அழிக்காமலே அது திருப்பி அனுப்பியிருந்தது. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013-இல் அந்த நிறுவனம் 12,15,780 டாலர் கட்டியது. நம் பக்கமும் காப்பியர் வாடகைக்கு எடுப்பதும் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும் சாதாரணம். டிஸ்கை அழித்துவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் மிஷினை வண்டியில் ஏற்ற விடாதீர்கள்.

நில ஆவணம் வைத்திருப்பவர்கள் அறிய வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. 2013 ஜூலையில் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி ஆய்வாளர், ஒரு கட்டட வரைபடத்தை ஸெராக்ஸ் வொர்க்சென்டர் மிஷினில் ஸ்கேன் செய்தபோது அறைகளின் பரப்பளவு எண்கள் மாறி வருவதைக் கண்டுபிடித்தார். 21.11 சதுர மீட்டர் அறை ஸ்கேனில் 14.13 ஆகிவிட்டது. ஃபைலைச் சிறிதாக்கும் ஜேபிக்2 என்ற முறை, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒன்றாகவே வைத்துவிடுகிறது. 6 போய் 8 உட்கார்ந்துவிடும், எழுத்து மங்காமல் பளிச்சென்று இருக்கும். ஸெராக்ஸ் பிறகு திருத்தம் வெளியிட்டது. ஆனால் சர்வே எண் 146 என்பது 148 ஆகிவிட்டால் அடுத்தவர் கொல்லைக்கு விண்ணப்பம் போட்டதாகிவிடும். பட்டாவை ஸ்கேன் செய்யும்போது குறைந்த தரமும் மிகச் சிறிய ஃபைலும் வேண்டாம். 300 டிபிஐ வைத்து, மூலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எண்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலக் கல்வெட்டும் இதைத்தான் சொல்கிறது. ஊர்ச்சபைக்கான குடவோலைத் தேர்தலில் குடத்திலிருந்து எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஒருவர் படிக்க வேண்டும், மண்டபத்தில் இருக்கும் அர்ச்சகர்களான நம்பிமார் எல்லோரும் அதை மறுபடி படிக்க வேண்டும், பிறகுதான் பெயர் எழுதப்படும்.

மக்கள் பக்கம் செய்யக்கூடியவை சில. ஆதாரின் கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். நகலின் குறுக்கே எந்த வேலைக்கு, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். என் ஸ்கேனை யார் பார்க்கலாம், எப்போது அழிப்பீர்கள் என்று அலுவலகத்தாரிடம் கேட்கத் தயங்காதீர்கள். கடன் ஆவணம் போலச் சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை அவர்கள் அழிக்க முடியாது, மற்றதை அழிக்கச் சொல்லலாம். அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி இதே கேள்வியை எழுதிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

நகல் தவறான கைக்குப் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால், உங்கள் பெயரில் தெரியாத சிம் இருக்கிறதா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். பணம் போயிருந்தால் காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். அடுத்தவரின் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம். புகார் மனுவில் எந்த நாள், எந்தத் தாள்கள், யார் கையில் கொடுத்தது என்பதை எழுதுங்கள். அலுவலக மிஷின் பலவற்றில் எத்தனை மணிக்கு எந்த முகவரிக்கு ஸ்கேன் போனது என்ற பட்டியல் இருக்கும். புதிய வேலைகள் ஏற ஏறப் பழையவை அழிந்துபோகும். அதனால் அந்தப் பட்டியலை அன்றே எடுத்துப் பாதுகாக்கும்படி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முதல் மனுவிலேயே எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.