பல்வலியும் தாமே உண்ணும் மாத்திரையும்

பல் மருத்துவ மாணவர்களும் மருத்துவர்களும்கூடத் தமக்குப் பல் வலித்தால் பிறரிடம் வாயைக் காட்டாமல் தாமே மாத்திரை விழுங்குவதுண்டு. படிப்பு தரும் துணிவு அது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் மருந்துக்கடையே அத்துணிவைத் தந்துவிடுகிறது.

பல்லின் உட்கூழ் அழன்று வலிக்கையில் அமாக்சிசிலின் அவ்வலியைத் தணிப்பதில்லை. பல்லைத் துளைத்துச் சுத்தம் செய்வதே சிகிச்சை. டைக்ளோஃபினாக் வலியைக் குறைக்கும். ஆனால் இரைப்பையைப் புண்ணாக்கக்கூடும். கரிசல் காட்டு வெயிலில் உழைத்து உடலில் நீர் வற்றியவருக்குச் சிறுநீரகம் பெறும் குருதியையும் அது குறைத்துவிடும். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களைக் குறித்தே நாங்கள் பெரிதும் அஞ்சுகிறோம்.

மாத்திரை அட்டையில் செங்கோடு இருந்தால் மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்கள். நடுவண் அரசு 2016 முதல் இதையே வலியுறுத்துகிறது. கன்னம் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ இயலாமற் போனால் இரவென்றும் பாராது வந்துவிடுங்கள்.