தந்தையார் விட்டுச் சென்ற கடைசற்பொறி

இரும்பைக் கடைந்து உருவாக்கும் கடைசற்பொறியொன்று என் தந்தையாரின் முதுசொமாக எனக்கு வந்தது. பழைய இரும்பு வாங்குபவர் நிறைக்கு விலை பேசிச் சென்றார். கலைப் பட்டதாரியான நான், கொடுப்பதா வைத்திருப்பதா என்று இரண்டு நாள் தயங்கினேன்.

அது மைபோட் எம்.எல்.7, இங்கிலாந்தில், நொட்டிங்காமை அடுத்த பீஸ்ரனில் உருவாகி 1946 இல் அறிமுகமான வகை. இதன் சுழல்தண்டு, வெள்ளுலோகம் எனும் மென்மையான கலப்புலோகத் தாங்கிகளிற் சுழல்வது. பல்லாண்டு உறங்கிய பொறியில் எண்ணெய் பிசினாக இறுகி, அது செல்லும் வழிகளை அடைத்திருக்கும். அந்நிலையில் மின்சாரத்தைச் செலுத்தினால் தாங்கிகள் உராய்ந்து கெடும். எனவே, ஓட்டிப் பார்க்கும் ஆவலை அடக்குவதே முதல் வேலை.

நேயர்களே, முதலில் மின்னிணைப்பை நீக்குதல் வேண்டும். பின்னர் மண்ணெண்ணெயாற் கழுவித் துடைத்து, புதிய எண்ணெய் விட்டு, கையாற் சுழற்றிப் பார்க்கலாம். இறுகி நின்றால் வலிந்து திருப்பலாகாது. எண்ணெய் ஊறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். வெட்டுங் கருவி நகரும் படுகையிலுள்ள துருவை முரட்டுத் தாளால் தேய்த்தல் தகாது. கெட்ட நேர்மை எளிதில் மீளாது. மெல்லிய உருக்குக் கம்பளியும் எண்ணெயுமே போதும். திருகாணிகள் பழைய பிரித்தானிய அளவின. மில்லிமீற்றர்ச் சாவி அவற்றின் தலையைச் சிதைக்கும். மோட்டரின் மின்காப்பையும் புவித்தொடுப்பையும் மின்வல்லுநர் ஒருவர் சோதித்த பின்னரே, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டலாம்.

ஆறு வாரங்கள் சென்றன. உருக்குத் துண்டொன்றிலிருந்து முதற் சுருள் ஒளிவீசி உதிர்ந்தது. விலை பேசியவர் மீண்டும் வந்தார். இம்முறை தம் தள்ளுவண்டியின் தேய்ந்த அச்சைக் காட்டி, அதைக் கடைந்து தர இயலுமா என்று கேட்டார்.