ரேடார் காட்டும் காற்றின் வேகமும் அதனைப் பரிசோதிக்கும் முறைகளும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீசக்கூடிய காற்றின் வேகத்தை முன்னரே அறிந்துகொள்வது, தென்னை, வாழை முதலியவற்றைப் பயிரிட்டுள்ள நிலச்சுவான்தார்களுக்கு எத்துணை அவசியமென்பதை விவரிக்க வேண்டுவதில்லை. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலால், பல்லாண்டுகள் பாடுபட்டு வளர்த்த தென்னைகள் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. இத்தகைய காலங்களில் டாப்ளர் ரேடார் என்னும் யந்திரம் மிகவும் உபயோகப்படுகிறது. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-ஆம் வருஷம் இத்தகைய யந்திரம் ஒன்று நிறுவப்பெற்றது. ஆயினும், அதில் தோன்றும் எண் ஒவ்வொன்றும் காற்றின் வேகமென்று கொள்ளலாகாது. பரிசோதனையில் தேறிய எண்ணையே அவ்வாறு கொள்ளலாம்.

யந்திரம் அளப்பது யாது?

ரேடார் காற்றை நேரே அளப்பதில்லை. அது ரேடியோ அலைகளை விட்டுவிட்டு அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையை ஏற்கிறது. துளிகள் யந்திரத்தை நோக்கி வரின் அலையின் அதிர்வெண் சிறிது மிகும். விலகிச் செல்லின் குறையும். 1842-இல் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர் கூறிய இத்தத்துவத்தைக் கொண்டே வேகம் கணக்கிடப்படுகிறது. ஆகவே, அணுகும் வேகமும் விலகும் வேகமும் மட்டுமே தெரியவரும். அலைக்குக் குறுக்கே எத்துணைப் பலமாகக் காற்று வீசினும் யந்திரம் பூஜ்யத்தையே காட்டும்.

பிழைகள் நேரும் வகை

முதலாவது, வேகம் தலைகீழாகத் தோன்றுதல். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள அலையை விநாடிக்கு 1,000 முறை அனுப்பும் யந்திரம், மணிக்கு 90 கிலோமீட்டர் வரையிலுள்ள வேகத்தையே நேராகக் காட்டவல்லது. 130 கிலோமீட்டர் வேகத்தில் அணுகிவரும் காற்று, அதில் 50 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்வதாகத் தோன்றும். அலைகளை இன்னும் அடிக்கடி அனுப்பினால் இக்குறை நீங்குமெனினும், யந்திரம் ஐயமின்றி அளக்கும் தூரம் 150 கிலோமீட்டரிலிருந்து குறைந்துவிடும்.

இரண்டாவது, நிலையான பொருள்களின் கலப்பு. மலைகளும் கட்டடங்களும் அசையாதவை. அவற்றின் எதிரொலி கலந்தால் காற்றின் வேகம் உள்ளதினும் குறைவாகத் தெரியும். காற்றாலைகளின் சுழலும் இறக்கைகளும் கடலலைகளும் இல்லாத வேகத்தை உண்டாக்கும்.

மூன்றாவது, பறவைகள். சிறு பூச்சிகள் பெரும்பாலும் காற்றோடு மிதந்து செல்வதால் அவற்றால் நன்மையுமுண்டு. கூட்டமாக வலசை செல்லும் பறவைகளோ தம் சிறகின் பலத்தையும் காற்றின் வேகத்தோடு சேர்த்துக் காட்டி ஏமாற்றும்.

பரிசோதனை முறைகள்

1. ஓரிடத்து வேகத்தை அதன் அண்டையிடங்களோடு ஒப்பிடுதல். சுற்றிலும் 85 கிலோமீட்டர் வேகத்தில் அணுகும் காற்றிருக்க, நடுவில் மட்டும் 85 கிலோமீட்டர் வேகத்தில் விலகும் காற்று இருத்தல் அரிது. அவ்விடத்தில் உண்மை வேகம் 95 கிலோமீட்டராகத் திருத்தப்படும். இருவேறு இடைவெளிகளில் அலைகளை அனுப்பி இதனை உறுதி செய்வர்.

2. வட்டமாகச் சோதித்தல். வடகாற்று சீராக 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசுமாயின், வடக்கே அணுகும் வேகம் 40, தெற்கே விலகும் வேகம் 40, கிழக்கிலும் மேற்கிலும் பூஜ்யம் எனக் காணவேண்டும். இவ்வொழுங்கிற்குப் பொருந்தாத எண்கள் தள்ளப்படும். காற்று சுழன்று வீசும் புயலின் மையத்தருகே இம்முறை பொருந்தாது.

3. அலைகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் அனுப்பி, எதிரொலி தரும் பொருளின் வடிவத்தை அறிதல். மழைத்துளியையும் பறவையையும் இதனால் பிரித்தறியலாம்.

4. சூரியனைக் கொண்டு திசையைச் சரிபார்த்தல். சூரியனிடமிருந்தும் ரேடியோ அலைகள் வருகின்றன. அதன் இருப்பிடம் கணிதத்தால் தெரிந்ததாதலின், யந்திரத்தின் முகம் சரியான திசையை நோக்குகிறதா என்பது விளங்கும்.

5. காலையிலும் மாலையிலும் விடப்படும் பலூன்களின் அளவோடு ஒப்பிடுதல். ஒருநாள் வித்தியாசத்தைக் கொண்டு யந்திரத்தைக் குறைகூறலாகாது. பலூன் காற்றில் ஒதுங்கிச் செல்லும். பல வாரங்கள் ஒரே பக்கமாக வித்தியாசம் காணின் யந்திரத்தில் குறையுண்டென்பது தேறும்.

குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டுவன

அரைப் பாகை உயர்த்தி அனுப்பப்படும் அலை, 100 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திற்கும், 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டருக்கும் மேலே சென்றுவிடுகிறது. ஆகவே, அங்குள்ள தோப்பில் வீசும் காற்றை ரேடார் காண்பதில்லை. கைப்பேசியில் காணும் ஒரு படத்தின் நிறத்தை மாத்திரம் நம்பி, காற்று விலகிப் போகிறதென்று எண்ணி வாளாவிருத்தல் பெருநஷ்டத்தை விளைவிக்கும். வானிலை இலாகாவின் எச்சரிக்கை, ரேடார், பலூன், துணைக்கோள், தரைநிலையம் ஆகிய பலவற்றையும் ஒத்துப்பார்த்து வெளியிடப்படுவது. அதனை அறிந்தவுடனே தென்னையில் முற்றிய காய்களையும் பாரமான அடிமட்டைகளையும் இறக்குதல், வாழைக்கு முட்டுக்கொடுத்தல், வயலின் வடிகாலைத் திறத்தல் ஆகிய காரியங்களைத் தாமதமின்றிச் செய்தல் வேண்டும்.

ரேடாரின் அளவை நிலத்தருகே சரிபார்ப்பதற்கு, பத்து மீட்டர் உயரத்தில் வைக்கப்படும் காற்றுமானியே ஆதாரமாகும். அருகிலுள்ள மரம் அல்லது கட்டடத்தின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரமேனும் அதனைச் சுற்றி வெளியிருத்தல் அவசியம். தம் கிராமத்தில் அத்தகைய நிலையம் இருப்பின், அதனருகே வைக்கோற்போரோ கொட்டகையோ எழாதவாறு கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்வாராயின், அடுத்த புயலின் எச்சரிக்கை அவ்வட்டாரத்திற்கு இன்னும் திருத்தமாக அமைவதற்கு அது உதவியாகும்.