95 பெரியதா, 112 பெரியதா?

புகைமூட்டம் வந்துவிட்டால் பினாங்கில் பல வீடுகளில் காலையில் முதலில் பார்ப்பது காற்று மாசுக் குறியீட்டைத்தான். 2019 செப்டம்பரில் இங்கும் பள்ளிகள் மூடப்பட்டது நினைவிருக்கும். குறியீடு 50 வரை இருந்தால் நல்ல காற்று; 51 முதல் 100 வரை மிதமானது; 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பெற்றோர், அன்றன்றைய குறியீட்டையும் பிள்ளைக்கு மூச்சிரைத்த நாள்களையும் குறித்து வைத்தால் மருத்துவரிடம் காட்ட உதவும். இதற்கு ஏற்ற இலவச மென்பொருள் டிட்லிவிக்கி. பிரிட்டனைச் சேர்ந்த ஜெரமி ரஸ்டன் 2004இல் இதை வெளியிட்டார். முழுக் குறிப்பேடும் ஒரே கோப்பில் அடங்கும். இணைய உலாவியிலேயே திறக்கலாம். நாளுக்கு ஒரு குறிப்பு எழுதி, அதில் ‘குறியீடு’ என்று ஒரு புலம் வைத்தால் போதும். வேண்டிய குறிப்புகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தர ‘வடிகட்டி’ இருக்கிறது.

நான்கு நாள் அளவுகள் 95, 101, 88, 112 என்று வைத்துக்கொள்வோம். பெரியது முதலில் வரும்படி ‘சார்ட்’ கட்டளையால் வரிசைப்படுத்தினால் வருவது 95, 88, 112, 101. மிக மோசமான நாள் மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது! முதல் வரியை மட்டும் பார்ப்பவர், ‘நூறைத் தாண்டவே இல்லை’ என்று நிம்மதி அடைவார்.

காரணம் எளிது. புலத்தில் இருப்பது மென்பொருளுக்கு எழுத்துதான். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல், இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. 9 என்பது 1க்குப் பின் வருவதால் 95 பெரியதாகிவிடுகிறது. அடுத்த இலக்கங்களைப் பார்ப்பதே இல்லை.

எண்ணாக வரிசைப்படுத்த ‘என்சார்ட்’ கட்டளை உண்டு. நூறைத் தாண்டிய நாள்களை மட்டும் எடுக்க ‘கம்பேர்’ கட்டளையோடு ‘நம்பர்’ என்ற வகையையும், ‘மேற்பட்டது’ எனப் பொருள்படும் ‘ஜிடி’யையும் சேர்த்து 100 என்று கொடுக்க வேண்டும். 101, 112 இரண்டும் சரியாக வரும். ‘நம்பர்’ என்ற இடத்தில் ‘ஸ்ட்ரிங்’ என்று போட்டால் நான்குமே வந்துவிடும்.

இதன் பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. எண்ணாகப் படிக்க முடியாததை டிட்லிவிக்கி 0 என்று எடுத்துக்கொள்ளும். ‘112 காலை’ என்று எழுதினால் 112 கிடைக்கும். ‘காலை 112’ என்று எழுதினால் 0தான். குறிக்க மறந்த நாளும் 0 ஆகும். ‘50க்குக் குறைவான நாள்கள் எவை?’ என்று கேட்டால் அந்த நாள்களும் நல்ல காற்று வீசிய நாள்களாகப் பட்டியலில் ஏறிவிடும்.

ஆகவே புலத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். மற்ற விவரங்களுக்கு வேறு புலம் வையுங்கள். வடிகட்டியில் ‘ஹேஸ்’ கட்டளையை முதலில் சேர்த்தால் வெற்றுப் புலமுள்ள நாள்கள் விலகிவிடும். அளக்காத நாளைச் சுத்தமான நாளாக எண்ணிவிடக் கூடாது அல்லவா?