மூளைக்கு வலி தெரியாது... அப்போ ஆபரேஷனுக்குப் பிறகு தலை வலிப்பது ஏன்? ‘ஸ்கால்ப் பிளாக்’ எப்படி உதவுது?

உங்க வீட்டில் ஒருவருக்கு மூளையில் கட்டி, ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். “கண் விழிச்சதும் ரொம்ப வலிக்குமா?” என்று கேட்கக்கூட பலர் தயங்குவாங்க. தயங்காம கேளுங்க.

வலி எங்கிருந்து வருது?

மூளைத் திசுவுக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. ஆனால் தலைத்தோல், தசை, எலும்பின் மேலுறை, மூளையைப் போர்த்தியிருக்கும் ‘டூரா’ உறை எல்லாவற்றுக்கும் வலி தெரியும். ஆபரேஷனில் இவற்றை வெட்டித்தான் மூளையை அடைய முடியும். அதனால் முதல் 48 மணி நேரம் பலருக்குக் கடுமையாகவே வலிக்கும்.

வலி மருந்து போதாதா?

இங்கேதான் சிக்கல். மார்ஃபின் போன்ற மருந்துகள் தூக்கத்தையும் வாந்தியையும் தரும். மூச்சு மந்தமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடி, மூளைக்குள் அழுத்தம் ஏறலாம். அதோடு, நோயாளி மருந்தால் தூங்குகிறாரா, உள்ளே ரத்தம் கசிந்து மயங்குகிறாரா என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம் என்பதால், ஆரம்ப நாட்களில் டாக்டர்கள் யோசிப்பார்கள். பாராசிட்டமால் மட்டும் பலருக்குப் போதாது.

‘ஸ்கால்ப் பிளாக்’ என்றால் என்ன?

பல் பிடுங்கும் முன் ஈறில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பாங்க இல்லையா? கிட்டத்தட்ட அதே மாதிரிதான். தலைத்தோலுக்கு உணர்வு தரும் முக்கிய நரம்புகள் ஒரு பக்கத்துக்கு 6. புருவத்துக்கு மேலே 2, நெற்றிப்பொட்டில் 1, காதுக்கு முன்னால் 1, பின்மண்டையில் 2. இவற்றின் அருகே புபிவாகைன் அல்லது ரோபிவாகைன் மருந்தைச் செலுத்துவார்கள். பொதுவாக முழு மயக்கத்தில் இருக்கும்போதே போடுவதால் ஊசி குத்துவது தெரியாது. தலை பல மணி நேரம் மரத்திருக்கும். நோயாளி தெளிவாகப் பேசுவார், கை கால் அசைப்பார். நோயாளியை விழிக்க வைத்தே செய்யும் மூளை ஆபரேஷன்களிலும் இதே பிளாக்தான் கைகொடுக்கிறது.

ஆபத்து உண்டா?

குறைவு, ஆனா உண்டு. தலைத்தோலில் ரத்த ஓட்டம் அதிகம். மருந்து அளவு மீறி ரத்தத்தில் கலந்தால் வலிப்போ, இதயத் துடிப்புக் கோளாறோ வரலாம். அதனால்தான் உடல் எடையைப் பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள். சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் தற்காலிகமாகத் தளரலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

மயக்க மருந்து டாக்டரிடம் “ஸ்கால்ப் பிளாக் போடுவீங்களா?” என்று முன்பே கேளுங்கள். மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள். பிளாக் இறங்கியதும் வலி திரும்பலாம். பல்லைக் கடித்துப் பொறுக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போய், வாந்தியோ, அளவுக்கு மீறிய தூக்கமோ, கை கால் தளர்ச்சியோ, முகம் கோணுவதோ தெரிந்தால், ‘ஆபரேஷன் வலிதானே’ என்று விட்டுவிடாதீங்க. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.